தரை ஸ்ட்ராங்காத்தான் இருக்கு, அப்புறம் ஏன் அதிருது?

மாமல்லபுரத்தில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டு வரும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கீங்களா? வேகத்தடை வரும்போது கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ரெண்டு விதமான ஆட்டம் இருக்கும். ஒண்ணு, உடம்பையே தூக்கிப் போட்டு மெதுவா ஆட்டுவது. இன்னொண்ணு, ஜன்னல் கண்ணாடியும் சீட் கம்பியும் கடகடன்னு நடுங்குவது.

முதல் ஆட்டம், பஸ்ஸின் உடல் முழுக்க ஸ்பிரிங் மேல் ஏறி இறங்குவதால் வருகிறது. நொடிக்கு 1 முதல் 3 தடவை, அதாவது 1 முதல் 3 ஹெர்ட்ஸ். இரண்டாவது, சாலைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சக்கரமும் ஆக்ஸிலும் டயர் மேல் குதிப்பதால் வருகிறது. அது சுமார் 10 முதல் 15 ஹெர்ட்ஸ். கனமான வண்டி ரோட்டில் போகும்போது பக்கத்து வீட்டு ஜன்னல் நடுங்குவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆள்தான் காரணம்.

இப்போ ஒரு வண்டியை நினைச்சுக்கோங்க. அதில் ஸ்பிரிங் கிடையாது. காற்றடைத்த டயரும் கிடையாது, கெட்டி ரப்பர் சக்கரம். எடை பல டன். அந்த வண்டி ரோட்டில் ஓடவில்லை, ஒரு கட்டிடத்துக்குள்ளே, அதுவும் மாடியில் ஓடுகிறது. அதுதான் ஃபோர்க்லிஃப்ட். மறைமலை நகர், மகேந்திரா வேர்ல்ட் சிட்டி, ஒரகடம்னு நம்ம பக்கத்தில் எந்தத் தொழிற்சாலைக்கு இன்டர்ன்ஷிப் போனாலும் முதல் நாளே "தம்பி, ஓரமா போ"ன்னு ஹாரன் அடிக்கும் அந்த மஞ்சள் வண்டியேதான்.

அந்த வண்டி ஒரு தரையை எப்படி ஆட்டுது, அதனால் ஒரு மனுஷனுக்கு என்ன ஆச்சு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போறேன்.

அதே பீஸ், வேற ரீடிங்

போன வருஷம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்டர்ன்ஷிப் பண்ணினேன். பெயர் வேண்டாம். இரண்டு மாடிக் கட்டிடம். கீழே மெஷின்கள். புது லைன் ஒண்ணு போடுவதற்காக, கீழே இருந்த குவாலிட்டி ரூமை முதல் மாடிக்கு மாத்தியிருந்தாங்க. அதே மாடியின் மறுபாதி ஸ்டோர். லிஃப்டில் மேலே வரும் சரக்கை அங்கேயே நிற்கும் ஒரு பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் எடுத்து அடுக்கும்.

குவாலிட்டி ரூமில் ஒரு சி.எம்.எம். மெஷின். நுனியில் சின்ன உருண்டை வைத்த ஊசி ஒண்ணு பீஸைத் தொட்டுத் தொட்டு, மைக்ரான் கணக்கில் அளவு சொல்லும். ஒரு மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அதை ஓட்டியவர் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். திருக்கழுக்குன்றம் பக்கத்துக்காரர். நான் போன முதல் வாரமே சொன்னார்.

"தம்பி, காலையில எடுத்தா ஓகே. பதினோரு மணிக்கு எடுத்தா ரிஜெக்ட். பீஸ் அதே பீஸ். நான் என்ன பண்ணட்டும்?"

"மெஷின் காலிபரேஷன் பார்த்தாங்களாண்ணா?"

"பார்த்துட்டாங்க. மெஷின் ஓகேவாம். அப்போ நான்தான் சரியில்லைன்னு மெமோ குடுத்துட்டாங்க."

இன்னொரு மெமோ வந்தா கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். தரை அதிருதோன்னு அவர் ஒரு தடவை கேட்டிருக்கார். சூப்பர்வைசர் ரூம் நடுவில் போய் நின்று பார்த்துட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். கட்டிட டிராயிங்கையும் யாரோ பார்த்திருக்காங்க. ஃபோர்க்லிஃப்ட் எடைக்குத் தரை தாராளமா தாங்கும்னு பதில்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஆனா இரண்டுமே கேள்விக்குப் பதில் இல்லை. ஏன்னு பார்ப்போம்.

தாங்குவது வேற, ஆடாமல் இருப்பது வேற

தரை தாங்குமா என்பது பலம் பற்றிய கேள்வி. எவ்வளவு எடை வச்சா உடையும், அதுக்கு எவ்வளவு முன்னாடி நாம நிற்கிறோம் என்ற கணக்கு. தரை ஆடுமா என்பது விறைப்பு, நிறை, தணிப்பு மூன்றும் சேர்ந்த கேள்வி. முதல் பரீட்சையில் நூறு வாங்கிய தரை இரண்டாவதில் ஃபெயில் ஆகலாம்.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. தாமஸ் ட்ரெட்கோல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1828லேயே எழுதிட்டார்: ஆள் நடந்தா ரூமில் இருக்கும் பொருளெல்லாம் ஆடக்கூடாதுன்னா உத்தரத்தை ஆழமா போடணும்னு. நம்ம ஐ.எஸ். 800:2007லும் தரை அதிர்வுக்குன்னு ஒரு தனி இணைப்பு இருக்கு. ஆனா அது முக்கியமா மனுஷனுக்குத் தொந்தரவா இருக்குமா என்ற கோணத்தில் பேசுவது. மைக்ரான் அளக்கும் மெஷினுக்கு அது போதாது.

ஒவ்வொரு தரைக்கும் ஒரு சொந்தத் துடிப்பு உண்டு. அதுதான் இயல்பு அதிர்வெண். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. தரை தன் எடையாலும் மேலே எப்போதும் இருக்கும் எடையாலும் எத்தனை மில்லிமீட்டர் தொய்யும்னு கணக்குப் போடுங்க. 18ஐ அந்தத் தொய்வின் வர்க்கமூலத்தால் வகுத்தா ஹெர்ட்ஸில் விடை வரும். 4 மி.மீ. தொய்ந்தால் 18 ÷ 2 = 9 ஹெர்ட்ஸ். 9 மி.மீ. தொய்ந்தால் 18 ÷ 3 = 6 ஹெர்ட்ஸ். அதிகமா தொய்யும் தரை மெதுவா ஆடும். தோராயக் கணக்குதான், ஆனா சைட்டில் நின்று வாயாலேயே போட்டுடலாம்.

எடை இல்லை, படிதான் வில்லன்

ஃபோர்க்லிஃப்ட் வழவழன்னு இருக்கும் தரையில் போனா பெரிய அதிர்வு வராது. எடை மெதுவா ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு நகருது, அவ்வளவுதான். பிரச்சனை, சக்கரம் ஒரு படியில் ஏறும்போதோ இறங்கும்போதோ. படின்னா மாடிப்படி இல்லை. எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் மேல் போட்ட இரும்புத் தகடு 5 மி.மீ. தூக்கிக்கிட்டு இருந்தாலே போதும். உடைந்த கான்கிரீட் விளிம்பும், ஒழுங்கா போடாத பேட்சும் அதே வேலையைச் செய்யும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். கூடுதலா வரும் விசை = டயரின் விறைப்பு × படியின் உயரம்.

உதாரணத்துக்கு, சரக்கோடு சேர்த்து 5 டன் ஃபோர்க்லிஃப்ட்னு வச்சுக்குவோம். முன்னாடி சரக்கு, பின்னாடி எதிர் எடை, சீசா மாதிரி. அதனால் லோடோடு இருக்கும்போது பெரும்பாலான எடை முன்சக்கரம் இரண்டிலும் இறங்கும். சுமார் 4 டன், அதாவது 40 கிலோநியூட்டன். ஒவ்வொரு கெட்டி டயரின் விறைப்பும் மில்லிமீட்டருக்கு 1 கிலோநியூட்டன்னு எடுத்துக்கலாம். இரண்டு டயரும் சேர்ந்து 5 மி.மீ. படியில் ஏறினா:

2 × 1 × 5 = 10 கிலோநியூட்டன்.

40 இருந்த இடத்தில் திடீர்னு 50. பலம் பார்க்கும் ஆளுக்கு இது ஒண்ணுமே இல்லை, டிசைன் லோடுக்குள் அடங்கிடும். ஆனா "திடீர்னு" என்ற வார்த்தையை மறுபடி படிங்க. திடீர்னு வரும் விசை தரையை ஒரு மணி மாதிரி அடிச்சுவிடும். அடிச்ச மணி எந்த ஸ்வரத்தில் ஒலிக்கும்? அடிச்ச சுத்தியலின் ஸ்வரத்தில் இல்லை, தன் சொந்த ஸ்வரத்தில். தரையும் அப்படித்தான். 9 ஹெர்ட்ஸ் தரை 9 ஹெர்ட்ஸில் ஆடும்.

எவ்வளவு ஆடும்? அந்த ஆட்டத்தில் பங்கெடுக்கும் தரையின் நிறை 40 டன்னு வச்சுக்குவோம். விசையை, நிறை × 2π × அதிர்வெண் என்பதால் வகுத்தா தரையின் வேகம் கிடைக்கும்:

10,000 ÷ (40,000 × 56.5) = நொடிக்கு சுமார் 4.4 மி.மீ.

இது அடி நடு ஸ்பானில் விழுந்து, நீங்களும் அங்கேயே நின்றால் வரும் மோசமான கணக்கு. தள்ளிப் போகப் போகக் குறையும். பத்தில் ஒரு பங்குதான் மெஷின் இருக்கும் இடத்துக்கு வருதுன்னா கூட 0.44 மி.மீ.

இது அதிகமா, குறைவா? 1980களின் தொடக்கத்தில் எரிக் அங்கர், காலின் கோர்டன் என்ற இரண்டு பொறியாளர்கள், நுணுக்கமான கருவிகள் இருக்கும் இடங்களுக்குன்னு ஒரு ஏணி மாதிரி வரம்புகளை உருவாக்கினாங்க. வி.சி. வளைவுகள்னு பெயர். அந்த ஏணியில், நொடிக்கு மைக்ரான் கணக்கில்:

வொர்க்‌ஷாப்: 800
ஆபீஸ்: 400
வீடு: 200
ஆபரேஷன் தியேட்டர்: 100
வி.சி.–ஏ: 50
வி.சி.–பி: 25

மனுஷன் காலுக்கு அதிர்வு லேசா தெரிய ஆரம்பிப்பதே 100 பக்கத்தில்தான். சாதாரண ஆப்டிகல் மைக்ரோஸ்கோப், துல்லியத் தராசு போன்றவைக்கு 50 தேவைப்படும். சி.எம்.எம்.முக்கு அதைத் தயாரித்தவர் கொடுக்கும் வரம்புதான் கணக்கு. ஆனா எந்தத் தட்டில் நாம பேசுறோம்னு புரிஞ்சிருக்கும். நம்ம 0.44 மி.மீ. என்பது 440 மைக்ரான். உச்ச அளவுக்கும் ஆர்.எம்.எஸ். அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிச்சாலும் வி.சி.–ஏவை விட ஆறு மடங்கு.

சூப்பர்வைசருக்கு ஏன் "ஒண்ணும் தெரியலை" என்பது இங்கேதான் இருக்கு. அவர் நின்றபோது வண்டி ஓடலை. ஓடியிருந்தாலும், வொர்க்‌ஷாப் சத்தத்தில் பழகிய காலுக்கு அது அரை நொடி சமாச்சாரம். அந்த அரை நொடியில் ஊசி பீஸைத் தொட்டுக்கிட்டு இருந்தா ரீடிங் போச்சு.

நோட்டுப் புத்தகம்

அந்த அண்ணன்கிட்ட ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ரீடிங் தப்பா வரும்போதெல்லாம் ஒரு பழைய நோட்டில் நேரத்தை எழுதி வச்சிருந்தார். ஸ்டோரில் சரக்கு இறக்கும் ரிஜிஸ்டரை வாங்கி இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சோம். ரிஜெக்ட் ஆன நேரங்களில் பெரும்பாலானவை சரக்கு இறங்கிய நேரத்துக்குள் வந்து விழுந்தது.

அப்புறம் போனில் ஃபைபாக்ஸ் ஆப். ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இலவச ஆப், போனில் உள்ள முடுக்கமானியை லேப் கருவியா மாத்திடும். ஜாயின்ட் தகட்டுக்குப் பக்கத்தில் போனை டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினேன். வண்டி தகட்டைத் தாண்டும்போது "டக், டக்"ன்னு சத்தம். திரையில் ஒவ்வொரு டக்குக்கும் ஒரு குத்து, பின்னாடி தேய்ந்து போகும் அலை. ஸ்பெக்ட்ரத்தில் 9 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மலை. மெஷின் பக்கத்தில் ஒட்டினபோது அதே மலை போனின் சொந்த இரைச்சலோடு கலந்து மங்கலா தெரிஞ்சது. போன் வி.சி. வரம்பை எல்லாம் அளக்காது, அதுக்கு ஜியோஃபோன் மாதிரி நல்ல சென்சார் வேணும். ஆனா யார் ஆட்டுறாங்கன்னு காட்டிக்கொடுக்கப் போன் போதும்.

ஏன் இரண்டு டக்? முன்சக்கரம் ஒண்ணு, பின்சக்கரம் ஒண்ணு. சக்கரங்களுக்கு நடுவில் 1.5 மீட்டர், வேகம் மணிக்கு 8 கி.மீ.ன்னா இடைவெளி சுமார் 0.7 நொடி. தணிப்பு 3 சதவீதம் உள்ள 9 ஹெர்ட்ஸ் தரை, ஆட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைய சுமார் 1.4 நொடி எடுக்கும். முதல் அடி அடங்குவதற்குள் இரண்டாவது அடி விழுந்துடுது.

ரப்பர் போட்டா சரியாயிடுமா?

நான் போவதற்கு முன்னாடியே யாரோ ஒரு யோசனை சொல்லி, மெஷினுக்கு அடியில் ரப்பர் பேட் வாங்கிப் போட்டிருந்தாங்க. ரீடிங் இன்னும் மோசமாச்சு. அந்தப் பழியும் ஆபரேட்டர் தலையில்தான் விழுந்தது.

எங்க டைனமிக்ஸ் சார்கிட்ட இதைச் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "செமஸ்டர்ல வரைஞ்சியே ஒரு டிரான்ஸ்மிஸிபிலிட்டி கர்வ், அதை எடு"ன்னார். எடுத்துப் பாருங்க. ஐசொலேட்டர் வேலை செய்யணும்னா, வரும் அதிர்வெண் ஐசொலேட்டரின் சொந்த அதிர்வெண்ணை விட √2 மடங்குக்கு, அதாவது 1.41 மடங்குக்கு மேல் இருக்கணும். அதுக்குக் கீழே இருந்தா ஐசொலேட்டர் அதிர்வைக் குறைக்காது, பெருக்கும்.

மெஷின் உட்கார்ந்த ரப்பரின் அதிர்வெண் 8 ஹெர்ட்ஸ், தரை 9 ஹெர்ட்ஸ்னு வச்சுக்கோங்க. விகிதம் 1.125. தணிப்பை விட்டுட்டுக் கணக்குப் போட்டா 1 ÷ (1.125² − 1) = சுமார் 3.8. அதிர்வு நாலு மடங்கு கிட்ட ஏறும். அதே இடத்தில் 2.5 ஹெர்ட்ஸ் ஏர் ஸ்பிரிங் போட்டிருந்தா, விகிதம் 3.6, விடை சுமார் 0.08. பன்னிரண்டில் ஒரு பங்கு. தரையின் அதிர்வெண் தெரியாமல் ரப்பர் வாங்குவது, பவர் தெரியாமல் கண்ணாடி வாங்குவது மாதிரி.

அப்போ என்ன பண்ணணும்?

கட்டிடக்காரர்களுக்கு முதலில் தோன்றுவது, தரையைக் கெட்டியாக்கலாம், அடியில் இன்னொரு பீம் கொடுக்கலாம் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்க. நிறை மாறாமல் விறைப்பை இரண்டு மடங்காக்கினா அதிர்வெண் √2 மடங்குதான் ஏறும்: 9 ஹெர்ட்ஸ் 12.7 ஆகும். வேகம் 4.4 மி.மீ.யில் இருந்து 3.1க்கு வரும். பல லட்சம் செலவு, பலன் 30 சதவீதம்.

இப்போ படியைக் குறைங்க. 5 மி.மீ. தகட்டைச் சரி பண்ணி 1 மி.மீ. ஆக்கினா, விசை 10 கிலோநியூட்டனில் இருந்து 2க்கு வரும். வேகமும் ஐந்தில் ஒரு பங்கு. 80 சதவீதம் குறைஞ்சது. செலவு ஒரு தகடு, கொஞ்சம் எபாக்ஸி மார்ட்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வண்டியின் வேகமும் ஒரு ஆயுதம். மணிக்கு 8 கி.மீ.யில் சக்கரம் அந்தப் படியைக் கடக்க சுமார் 0.025 நொடி. தரையின் ஒரு முழு ஆட்டத்துக்கு 0.11 நொடி. அதனால் தரைக்கு அது ஒரு திடீர் அடி. 2 கி.மீ.க்கு இறக்கினா கடக்கும் நேரம் 0.1 நொடி ஆகும். விசை அதேதான், ஆனா மெதுவா ஏறுது. தரை அதோடு சேர்ந்து இறங்கி நின்னுக்கும், மணி அடிக்காது.

எனவே வரிசை இது: முதலில் அதிர்வு பிறக்கும் இடம். ஜாயின்ட், வழி, வேகம், டயர். அடுத்து அது போகும் பாதை: தூரம், தனித் தரை, இடைவெளி. கடைசியாத்தான் மெஷின்: கணக்குப் போட்டு வாங்கிய ஐசொலேட்டர். எல்லாத்துக்கும் முன்னாடி, கட்டும்போதே கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு: "இந்த மெஷினை ஏன் மாடியில் வைக்கணும்?" தரைத்தளத்தில், சுற்றியுள்ள ஸ்லாபைத் தொடாத தனி அஸ்திவாரத்தில் வச்சிருந்தா இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

மெமோ என்ன ஆச்சு?

இரண்டு பக்க ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் நோட்டும் ரிஜிஸ்டரும், ஒரு பக்கம் கிராஃப். ரப்பர் பேடை எடுத்தாங்க. தகட்டைத் தரை மட்டத்துக்குப் பதிச்சாங்க. ஜாயின்ட்டுக்கு முன்னாடி மஞ்சள் கோடு போட்டு "மெதுவாகச் செல்லவும்"னு எழுதினாங்க. அடுத்த வாரம் பதினோரு மணிக்கு அதே பீஸை எடுத்தார், காலையில் வந்த ரீடிங்கே வந்தது. "தம்பி, வா வந்து பாரு"ன்னு கூப்பிட்டுக் காட்டினார்.

மெமோவை யாரும் திரும்ப வாங்கலை. அது ஃபைலில்தான் இருக்கு. ஆனா அவர் இப்பவும் அங்கேதான் வேலை பார்க்கிறார். பொங்கலுக்கு மெசேஜ் பண்ணினார்.

இன்னும் ரெண்டு மூணு வருஷத்தில் நம்மில் யாராவது ஒருத்தர் ஒரு தரை டிராயிங்கில் கையெழுத்துப் போடுவோம், அல்லது ஒரு ரூமின் நடுவில் நின்று "எனக்கு ஒண்ணும் தெரியலையே"ன்னு சொல்லும் இடத்தில் இருப்போம். அந்த நேரத்தில் மூணு கேள்வி கேளுங்க. இங்கே என்ன வண்டி ஓடும்? வழியில் எங்கே படி இருக்கு? தரையின் சொந்தத் துடிப்பு எத்தனை ஹெர்ட்ஸ்? அதோட, மெஷின் பக்கத்தில் தினமும் நிற்கிற ஆள்கிட்ட நோட்டு ஏதாவது இருக்கான்னும் கேளுங்க.

அதுவரை பழகணும்னா, அடுத்த தடவை திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஏறும்போது ஃபைபாக்ஸில் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து, போனை பஸ் தரையில் அழுத்திப் பிடிங்க. 1 முதல் 3 ஹெர்ட்ஸில் ஒரு மலை, 10 முதல் 15ல் இன்னொரு மலை தெரியுதான்னு பாருங்க. கண்டக்டர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, லேப் ரெக்கார்டுன்னு சொல்லிக்கலாம்.